கோசுமல்லி மாகாத்மியம்

நெருப்பைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் மனித ஜாதி முழுவதும் பச்சையாகவே தின்று ஜீவித்தது என்பதும், அதற்காக எவரும் எவரிடமும் ஆலோசனை கேட்டதாகத் தெரியவில்லை என்பதும் வாஸ்தவமே ஆயினும், ஐம்பது வயதைக் கடந்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாலைந்து எண்களுக்கு அடியில் டாக்டரின் பேனா கோடு கிழித்துவிட்ட ஒரு கிருகஸ்தன், இனித் தினந்தோறும் ஒரு கிண்ணம் சாலட் சாப்பிடப் போவதாகத் திண்ணையில் உட்கார்ந்து பிரஸ்தாபித்துவிட்டானானால், அதில் இன்னின்ன பதார்த்தம் சேர வேண்டும் என்பதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒரு பிராணியை அவன் அந்தத் தெருவில் காண முடியாது.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் அக்காள் மகன்தான் முதலில் ஒரு ஜாபிதா அனுப்பினான். அவகேடோ, ப்ராக்கோலி, கீன்வா, சியா விதை, ஐஸ்பர்க் லெட்யூஸ், ஆலிவ் எண்ணெய் என்று நீண்டுகொண்டே போன அந்த ஜாபிதாவில், எங்கள் ஊர்ச் சந்தையில் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய சரக்கு உப்பு ஒன்றுதான். அதையும் அவன் இமயமலை உப்பு என்று திருத்தியிருந்தான்.

ஐஸ்பர்க் லெட்யூஸ் என்னும் அந்தக் கீரையில் 100 கிராமுக்குச் சுமார் 95 கிராம் தண்ணீர்தான். வெள்ளரிக்காயும் ஏறக்குறைய அதே கணக்கே. தண்ணீரைக் கேனில் விலைக்கு வாங்கிப் பழகிவிட்ட நாம் இதை ஒரு குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஆனால் தண்ணீரைத்தான் வாங்குவது என்று தீர்மானமாகிவிட்ட பிறகு, குளிர்சாதன லாரியில் ஊர் ஊராகப் பிரயாணம் செய்து வந்த பொட்டலத்தில் அதை வாங்குவதா, விடியற்காலையில் கொடியிலிருந்து பறித்துக் கூடையில் வந்த வெள்ளரிப்பிஞ்சில் வாங்குவதா என்று நிர்ணயிக்கத் தர்ம சாஸ்திரத்தைப் புரட்ட வேண்டிய அவசியம் இல்லை.

அந்தப் பிஞ்சைப் பொறுக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கைக்கு அடக்கமாகவும், அழுத்தினால் அமுங்காமலும், உருவத்துக்கு மீறிய கனத்தோடும் இருக்க வேண்டும். மஞ்சள் படர்ந்து முற்றியதை, அது எவ்வளவு பெரியதாயினும், ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு விலகிவிட வேண்டும். நகத்தால் கீறிப் பார்ப்பது சந்தை மரியாதையன்று. “அய்யா, கண்ணால பாருங்க, நகத்தால பாக்காதீங்க” என்று கூடைக்காரி சொன்னால், கீறியதையும் சேர்த்து நாம்தான் வாங்கியாக வேண்டும். கசப்பு காம்புப் பக்கத்தில் அதிகம் என்பதால், என் மனைவி காம்பு நுனியைச் சில்லாக அரிந்து, அந்தச் சில்லைக் கொண்டே வெட்டுவாயில் வெண்ணுரை கிளம்பும்வரை வட்டமாகத் தேய்த்து எறிந்துவிட்டுத்தான் மேற்கொண்டு நறுக்குவாள். இதனால் உண்மையிலேயே கசப்பு நீங்குகிறதா என்று ஆராய வழியில்லை. தேய்க்கப்படாத வெள்ளரிக்காய் எங்கள் வீட்டில் ஒரு நாளும் இலை ஏறியதில்லையாதலால், ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் கிடையாது.

கேரட்டின் சரித்திரம் வேறு. இங்கிலீஷ் காய் என்று பெயர் வாங்கி, இன்றைக்கும் பல வீடுகளில் திவசச் சமையலுக்குள் கால் வைக்க அனுமதியின்றி வாசலில் நிற்கும் அந்தக் கிழங்குக்கு, நீலகிரி மலையில் ஒரு மகத்தான கௌரவம் கிடைத்தது. குன்னூரில் 1918-இல் பெரிபெரி நோயை விசாரிப்பதற்காகச் சிறிய அளவில் தொடங்கி, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று விளங்கும் ஆராய்ச்சிச்சாலையின் ஸ்தாபகர் ராபர்ட் மக்காரிஸன், எலிகளைப் பந்தி பந்தியாக அமர்த்தி, ஒவ்வொரு பந்திக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பிரதேசத்து ஆகாரத்தைப் பரிமாறி வளர்த்துப் பார்த்தார். ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு இவற்றோடு பச்சைக் கேரட்டும் பச்சை முட்டைக்கோஸும் சேர்ந்த சீக்கியர் போஜனத்தை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்து முதல் ஸ்தானத்தைப் பெற்றன. மதராஸ் அரிசிச் சாப்பாடு வாய்த்த எலிகளோ, பாவம், கடைசிப் பக்கமாக ஒதுங்கின. சாலட்டின் அருமை நம்மைக் காட்டிலும் குன்னூர் எலிகளுக்கு முந்தித் தெரிந்திருக்கிறது என்பதில் எனக்கு அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்த நாள் முதலாக, ரசஞ்சாதத்தைப் பிசையும்போதெல்லாம் அந்த மதராஸ் எலிகளின்மீது ஒரு பந்து வாத்ஸல்யம் பொங்குகிறது.

பச்சைப்பயறு விஷயத்தில் தகராறே எழவில்லை. ராமநவமியன்று பானகத்தோடும் நீர்மோரோடும் கைநிறையக் கிடைக்கும் வடைப்பருப்பை யாரும் சாலட் என்று அழைக்காததனாலேயே அது இத்தனை காலம் மரியாதையோடு பிழைத்திருக்கிறது. முழுப் பயற்றை முளைகட்டினால், காய்ந்த தானியத்தில் இல்லாத வைட்டமின் ‘சி’ முளையோடு உண்டாகிறது. மேலே எலுமிச்சம்பழம் பிழிந்தால் பயற்றிலுள்ள இரும்புச் சத்தைச் சரீரம் தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. ஆரஞ்சுப் பழத்தைவிடச் சுமார் 4 மடங்கு வைட்டமின் ‘சி’ உள்ள கொய்யாவையும் நாலு துண்டம் போடலாம் என்று நான் யோசனை சொன்னேன். விதை பல்லில் சிக்கும் என்று அது சபையில் தள்ளுபடியாயிற்று.

பெரிய யுத்தம் தாளிப்பைப் பற்றித்தான். லீவில் வந்திருந்த அக்காள் மகன், “மாமா, ஆலிவ் எண்ணெயைப் பச்சையா விட்டுக்கலாம், கடுகு தாளிக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம்” என்று ஆரோக்கியத்தின் பெயரால் ஆட்சேபித்தான். நான் அலமாரியிலிருந்து ஊட்டச்சத்துப் புஸ்தகம் ஒன்றை இறக்கி, கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் சத்து கொழுப்பில்தான் கரையும் என்றும், எண்ணெய்ப் பசையே இல்லாமல் தின்றால் அதில் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும் என்றும், எந்த எண்ணெயானாலும் ஒரு ஸ்பூன் இருந்தால் காரியம் நடக்கும் என்றும், ஆகவே தேங்காய் எண்ணெயில் கடுகு வெடிப்பது சாஸ்திர சம்மதமே என்றும் வாசித்துக் காட்டினேன். உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுமாகையால் பரிமாறும் தறுவாயில்தான் அதைச் சேர்க்க வேண்டும் என்ற பாராவையும் தொடர்ந்து வாசித்தபோது, இத்தனை வருஷமாக அப்படியே செய்து வருகிறவள் அடுப்படியில் மௌனமாகக் கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தாள்.

“பெருங்காயத்தைப் பத்தி உங்க புஸ்தகத்திலே என்ன போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

ஆதியோடந்தமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் போடவில்லை என்றேன்.

“அப்போ தடை ஒண்ணும் இல்லை” என்று சொல்லி, கரண்டியில் இன்னொரு சிட்டிகை போட்டாள்.