யானையை முதலில் தொட்டவன்

ஸ்டுட்கார்ட்,
16.11.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

"கப்பு வாங்கினியா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். வாங்கினேன். காப்பிக் கப்பு. ஆட்டம் போச்சு, உங்களால்தான்.

கோபப்படாமல் கேளுங்கள். செஸ் கிளப்புக்கு எட்டுப் பேர் ஆட வேண்டும். நான் எட்டாவது பலகை. எதிரே எண்பது வயசுக் கிழவர். தமிழன் என்றதும், "குகேஷ் உங்கள் ஊரா?" என்றார். போன டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை ஜெயித்ததிலிருந்து இங்கே நமக்குத் தனி மரியாதை. "பக்கம்தான்" என்றேன். மனுஷர் கை நடுங்கியது. வயசாலும் இருக்கலாம்.

பதினோராவது நகர்த்தல், கோட்டை கட்ட வேண்டும். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே முதலில் யானையைத் தூக்கி ராஜா பக்கத்தில் வைத்துவிட்டு, ராஜாவைத் தாண்ட வைக்கப் போனேன். கிழவர் விரலைத் தூக்கினார். நடுவர் வந்தார். ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டுமாம். யானையைத் தொட்டால் யானை மட்டும் நகருமாம், அந்தப் பக்கம் கோட்டையே கிடையாதாம். ஃபிடே சட்டம், 4-வது பிரிவு. எதிராளி காயைத் தொட்டால் வெட்டியாக வேண்டும். கோணலாக நிற்கிற சிப்பாயை நேராக்கக்கூட முதலில் வாயால் அறிவிக்க வேண்டும். இப்போது வீட்டில் உப்பு டப்பாவையும் அறிவித்துவிட்டுத்தான் எடுக்கிறேன். உங்கள் பொண்ணு முறைக்கிறாள்.

ராஜா நடுத்தெருவில் நின்றார். முப்பதாவது நகர்த்தலில் கை கொடுத்துவிட்டேன்.

இதில் கொடுமை, ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது கிளப்புக்கே லட்டு கொடுத்து, "மூணு மலையையும் வளைச்சுக் கட்டின கோட்டை, எங்க ஊருக்குப் பக்கம்" என்று அளந்தவன் நான். நல்லவேளை, இவர்கள் இந்த நகர்த்தலுக்கு வைத்திருக்கிற பேரில் கோட்டை இல்லை, ரொஹாடே என்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. நான்தான் ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மகேந்திரவர்மன் குகைக்கு எதிர்ப் பாறையில் உட்கார்ந்து, வைத்த காயை மூன்று தரம் திரும்ப எடுப்பீர்களே, "சும்மா பாத்தேன்டா" என்று. அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். இங்கே நாலு மணி நேரம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, மாமா. கடிகாரம்தான் ஓடுகிறது.

பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன். தொலைந்துபோன கறுப்பு மந்திரிக்குப் பதிலாக ஒரு புளியங்கொட்டை வைத்திருந்தோமே, அது இருக்கிறதா?