தண்ட லக்ஷணம்: ஓர் ஆராய்ச்சி

யானைக்கும் குதிரைக்கும் வீட்டுமனைக்கும் ரத்தினங்களுக்கும் தனித்தனியே லக்ஷண சாஸ்திரம் வகுத்துக்கொண்ட உலகத்தில், பிலிப்பைன் தீவுகளில் பள்ளிச் சிறுவர் முதல் பேரன் எடுத்த பாட்டனார் ஈறாகக் கையிலேந்திச் சுழற்றும் பயிற்சித் தடிக்கு மாத்திரம் அத்தகைய நூலொன்று தோன்றாமற் போனதற்கு வித்வான்களின் அசிரத்தையே காரணம் அன்றி வேறில்லை. அரசாங்கமாவது இக்குறையை நீக்கியிருக்கலாம். 2009ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி குடியரசுத் தலைவர் குளோரியா மக்கபாகல் அர்ரோயோ கையொப்பமிட்ட 9850ஆம் எண் சட்டம், ஆர்னிஸ் என்றும் எஸ்கிரிமா என்றும் காளி என்றும் பல பெயர்களால் வழங்கும் அவ்வித்தையைத் தேசியப் போர்க்கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் பிரகடனம் செய்து, பள்ளி மாணவர் விளையாட்டு விழாவாகிய பலாரோங் பம்பன்சாவில் முதல் நாள் முதற்போட்டியாக அதுவே நடைபெற வேண்டுமென்றும் விதித்தது. ஆனால் கருவியைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில், ஒரு தடியோ இரண்டு தடிகளோ அவற்றையொத்த பிறவோ என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. நீளம் எத்தனை, பருமன் எத்தனை, மரம் எது என்பதைப் பற்றிப் பேச்சில்லை. ‘அவற்றையொத்த பிற’ என்னும் வாசல் வழியாகக் குடைக்காம்பும் உலக்கையும்கூடத் தாராளமாக நுழைந்துவிடலாம்.

எந்தச் சாஸ்திரமும் தன் பொருளின் புராதனத்தை நிலைநாட்டிய பின்னரே மேற்செல்ல வேண்டும் என்பது மரபாதலின், 1521ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி மக்டான் தீவில் அங்குள்ள தலைவன் லாபு-லாபுவின் வீரர்கள் கடலோடி மகெல்லனை வீழ்த்திய சம்பவத்தை இத்தடியின் கணக்கில் எழுதிவைக்க அபிமானிகள் மிகவும் ஆசைப்படுகின்றனர். அச்சண்டையில் உடனிருந்து, காயமுற்றுத் தப்பிய அந்தோனியோ பிகாஃபெட்டா, தம்மவர்மீது வந்து விழுந்தவற்றைச் சிரத்தையாகக் குறித்துவைத்திருக்கிறார்: அம்பு, மூங்கில் ஈட்டி, நெருப்பில் வாட்டி இறுக்கிய கூர்ங்கழி, கல், சேறு. சேற்றுக்குக் கிடைத்த இடம் நம் தடிக்குக் கிடைக்கவில்லை. ஆகவே புராதனத்தை அவ்வளவில் விட்டு மரத்துக்கு வருவோம்.

மரத்தைப் பற்றி முதலில் நிற்பது காமாகோங் மதம். காமாகோங் என்பது நம் கருங்காலியின் இனத்தது. மெல்லிய ரோமம் படர்ந்த தோலையுடைய மபோலோ என்னும் பழத்தைத் தருவது. வைரம் பாய்ந்த அதன் கட்டை கறுத்துக் கனத்து, எண்ணெய் தடவிய மாத்திரத்தில் மினுமினுக்கும். அரசாங்க அனுமதியின்றி அம்மரத்தை வெட்டலாகாது என்ற தடையும் சேர்ந்து அதன் கீர்த்தியை உயர்த்திவிட்டது. எளிதிற் கிடைக்காத பொருளில்தான் வித்தை ஒளிந்திருக்கிறது என்று நம்புவது ஆரம்ப சிஷ்யர்களின் சுபாவமல்லவா? இம்மதத்தார் கூறும் பூர்வபக்ஷமாவது: கனத்த தடியால் கை வலுப்பெறும், வலுத்த கை வெல்லும், ஆதலின் கனத்த தடியே உத்தமம். இதற்குச் சமாதானம்: தனியே நின்று காற்றை அடிப்பவனுக்கு இது முற்றிலும் பொருந்தும், காற்று எதிர்வாதம் செய்வதில்லை. எதிரே ஒரு மனிதன் நிற்பானாயின், அவனுக்கு விரல்கள் என்ற சில அவயவங்கள் உண்டென்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அடுத்தது பாஹி மதம். பாஹி என்பது பனை இனத்து மரத்தின் வைரத்திலிருந்து இழைப்பது. கறுப்பும் பழுப்புமாக நெடுங்கோடுகள் ஓடும் அதன் சௌந்தரியத்தில் மயங்கி, மரத்தோடு மரம் மோத அடித்துப் பழகியவர்கள், உள்ளங்கையில் பனஞ்சிலாம்பு ஏறிய அனுபவமுள்ள எவரும் முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய முடிவையே அடைந்தார்கள். மூங்கிலை வாங்கி வருகிறவர்களை ஒரு மதமாகக் கொள்வதற்கில்லை. அது வெறும் அவசரம். மூங்கில் உள்ளே குழல், பிளந்தால் கத்தி.

சித்தாந்தம் பிரம்பு. தகலோகு மொழியில் யாந்தோக் என்று சொல்லும் இதுவும் பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததே எனினும், நிமிர்ந்து நிற்கும் கௌரவத்தை விட்டுக் கொடியாகி, அயல்மரங்களைப் பற்றிப் படர்கிறது. உள்ளே குழலின்றி நார் நிறைந்திருக்கிறது. அடிபட்டால் பிளந்து சிதறுவதில்லை. பல் துலக்கி முடித்த வேப்பங்குச்சிபோல் நைந்து, நார்நாராகப் பிரிந்து, தன் முடிவை நாட்கணக்கில் முன்னறிவித்துவிட்டே போகிறது. புதுப் பிரம்புகள் இரண்டை வேகமாக மோதினால் கருகல் வாடை ஒன்று எழும். அது உராய்வின் உஷ்ணமேயன்றித் தன் வீரத்தின் உஷ்ணம் அன்று என்பதை மாணவன் மெல்ல மெல்லத்தான் உணர்கிறான்.

பிரம்பு சித்தாந்தமாக நிலைபெற்றதற்குச் சரித்திர காரணமும் உண்டு. பழைய ஆசான்கள் எதிராளியின் தடியை அடிக்கச் சொல்லித்தரவில்லை. தடியைப் பிடித்த கையை அடிக்கச் சொன்னார்கள். பாம்பின் பல்லைப் பிடுங்குதல் என்று அதற்கு ஒரு பெயரும் இட்டிருந்தார்கள். பல்லைப் பறிகொடுத்த பாம்புகள் மறுநாள் பயிற்சிக்கு வருவது அபூர்வம். நீக்ரோஸ் தீவில் ஹினிகரான் என்னும் ஊரிற் பிறந்த ரெமி பிரேசாஸ் (1936–2001) மாடர்ன் ஆர்னிஸ் என்னும் முறையை வகுத்தபோது, கைக்குப் பதிலாகத் தடியையே தடியால் அடித்துப் பழகும் வழக்கத்தைப் பரப்பினார். அன்றுமுதல் விரல்களின் ஆயுள் நீண்டது. தடிகளின் ஆயுள் குறுகிற்று. ஆகையால் பயிற்சித் தடிக்குரிய தலையாய குணம் அழியாமை அன்று, யோக்கியமாக அழிதலே என்பது எமது துணிபு. இத்தடி எத்தனை காலம் இருக்கும் என்று கேட்பவனைவிட, போகும்போது எப்படிப் போகும் என்று கேட்பவனே லக்ஷணம் அறிந்தவன்.

நீள விவகாரத்தில் அங்குல பேதத்தால் சம்பிரதாயங்கள் பிரிந்து நிற்கின்றன. பெரும்பான்மையோர் 28 அங்குலத்தார். 1966இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரிற் பயிற்சிக்கூடம் திறந்த ஏஞ்சல் கபாலெஸின் செர்ராதா முறையினர், எதிராளியை ஒட்டி நின்று பொருவதால், 24 அங்குலத்துக்கு மேற்பட்டதை இடையூறு என்பர். எட்டி நின்று அடிக்கும் லார்கோ மானோ முறையினரோ 32 அங்குலத்துக்குக் குறைந்ததைக் கையிலெடுக்கக் கூசுவர். தன் கை நீளமே தன் தடி நீளம் என்று சமரசம் பேசும் ஒரு கூட்டமும் உண்டு. அக்கொள்கை சாஸ்திர ரீதியாக மிகச் சிறந்தது. ஆயினும் கடைகளில் தடிகள் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கே அறுபட்டு அடுக்கிக் கிடப்பதால், இவ்விஷயத்தில் இறுதிப் பிரமாணம் வியாபாரியின் ரம்பமே என்று கொள்ளவேண்டியிருக்கிறது. நீண்டதைக் குறைக்கலாம், குறைந்ததை நீட்ட இயலாது என்பதைமட்டும் வாங்குபவன் மறவாதிருந்தால் போதும்.

பருமனுக்குக் கணிதம் துணை செய்கிறது. ஓர் அங்குலக் குறுக்களவும் 28 அங்குல நீளமும் உள்ள தடியின் கனவளவு ஏறத்தாழ 360 கன சென்டிமீட்டர். உலர்ந்த பிரம்பாயின் சுமார் 200 கிராம் நிற்கும். கம்பீரமாக இருக்கட்டும் என்று ஒன்றே அரைக்கால் அங்குலத்தைத் தேர்ந்தால், பருமன் வர்க்கமாகப் பெருகுவதால் எடை கால் பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. அரைக்கால் அங்குல ஆசைக்குக் கால் பங்கு தண்டம். மணிக்கட்டு அதை வட்டியோடு கட்டும்.

இனிப் பரீக்ஷை. குவியலின் முன் நிற்பவன் தடியை எடுத்தவுடன் சுழற்றக் கூடாது. சுழற்றினால் எல்லாத் தடியும் நன்றாகவே இருக்கும். அருகில் நிற்பவர்கள்தாம் விலகுவார்கள். முதலில் ஒரு கண்ணை மூடி, தடியின் நுனி வழியே அடியை நோக்க வேண்டும். ஐயமிருந்தால் தரையில் உருட்டலாம்: நேரான தடி ஒரே ஓசையுடன் ஓடும், கோணல் தடி தத்தித் தத்திச் சென்று, பாதியில் மனம் மாறி, வேறொருவர் காலடியில் நிற்கும். அடுத்தபடி கணு. கணுக்கள் நெருங்கியிருந்தால் கனமும் உறுதியும் கூடும் என்பது அனுபவஸ்தர் வாக்கு. ஆனால் பிடி விழும் இடத்திலேயே புடைத்த கணு அமைந்திருந்தால் அன்று மாலையே உள்ளங்கை அதைக் கொப்புளமாக ஞாபகப்படுத்தும். பிடி என்பது அடிமுனையில் அன்று. புன்யோ என்று சொல்லும் சிறுமுனையை வெளியே விட்டு, அதற்கு மேலேதான் கை பற்றுகிறது. ஊசிமுனைத் துளையும் அதன் வாயில் மாவுபோன்ற தூளும் தென்பட்டால், அத்தடியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் குடியிருக்கிறதென்று அறிந்து மரியாதையாகத் திரும்ப வைத்துவிட வேண்டும். கடைசியில் ஓசை: இரு விரலால் தளரப் பிடித்து மற்றொரு தடியால் தட்டினால், உலர்ந்தது ‘டக்’ என்று விடை சொல்லும், ஈரமோ விரிசலோ உள்ளது ‘தொப்’ என்று முனகும். நெருப்பில் வாட்டிச் சுற்றிச் சுற்றிப் போட்ட கரிய வரிகள் கண்ணுக்கு இனியவை. அவ்வரிகளால் அடி வலுக்கும் என்பதற்கு வியாபாரியின் வாய்மொழியன்றிப் பிரமாணம் கண்டிலேன்.

தடி ஒன்றா, இரண்டா? செபு நகரில் 1952இல் வெனான்சியோ பேக்கன் தோற்றுவித்த பாலிந்தவாக் முறையினர் ஒன்றே போதும், இடக்கைக்கு வேறு வேலை உண்டு என்பர். சினவாலி என்னும் இருதடிப் பயிற்சிக்கோ, நிறையிலும் நீளத்திலும் ஒத்த ஜோடி தேவை. ஜோடியாக வாங்கியவை ஜோடியாக நைவதில்லை. வலக்கைத் தடியே முந்திக்கொள்ளும். நாளுக்கு நாள் கையை மாற்றிப் பிடிப்பதொன்றே இதற்குப் பரிகாரம். நைந்த இடத்தில் பிளாஸ்டிக் டேப் சுற்றுவது தோஷமா என்ற வினாவுக்கு, ஒரு முறை சுற்றுவது தோஷமன்று, பிரம்பே கண்ணுக்குத் தெரியாதபடி சுற்றுவது லோபம் என்று விடை கூறுவேன்.

அப்போதும் தூக்கி எறிய மனம் வராதவர்களுக்கு ஓர் உபாயம் உண்டு. அடி மிகுதியாக விழுவது நுனியை அடுத்த பாகத்திலேயே ஆதலால், 28 அங்குலத் தடியின் நைந்த நான்கு அங்குலத்தை அறுத்துவிட்டால், அது எவ்விதச் சடங்குமின்றிச் செர்ராதா சம்பிரதாயத்தில் சேர்ந்துவிடும். அங்கும் நைந்துபோனால், எஞ்சிய நல்ல பாகத்தில் ஒரு சாணுக்கும் குறைவாக நறுக்கி, இரு முனையும் முஷ்டிக்கு வெளியே தெரியப் பிடிக்கும் துலோ-துலோ என்னும் கைக்கட்டையாக்கிக்கொள்ளலாம். அதன் லக்ஷணம் வேறொரு நூலுக்குரிய விஷயம்.