தீக்கு நகல் போகவில்லை

2021 ஜூலையில் குஜராத் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கட்டடப் பயன்பாட்டு அனுமதி இல்லாமல் இயங்கும் மருத்துவமனைகள் 2022 வரை ஆற அமரக் குறைகளைச் சரிசெய்துகொள்ளலாம், அதுவரை நடவடிக்கை கிடையாது. தாராள மனசு! என்ன, அறிவிப்பின் நகலைத் தீக்கு அனுப்ப மறந்துவிட்டார்கள். அது ஏற்கெனவே அவசரக்காரன் என்று பெயர் எடுத்தது: 2020 ஆகஸ்டில் அகமதாபாத், நவம்பரில் ராஜ்கோட், மறு ஆண்டு மே மாதம் பரூச். மூன்றும் கோவிட் மருத்துவமனைகள். பரூச்சில் மட்டும் 18 பேர் மாண்டார்கள்.

ராஜ்கோட் விபத்துக்குப் பிறகு, கோவிட் மருத்துவமனைகளில் மாதம் ஒரு முறையாவது தீப் பாதுகாப்புத் தணிக்கை செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சொன்னதற்குக் கிடைத்த பதில்தான் இந்த அவகாசம். நீதிபதிகள் கடுப்பாகி, மருத்துவமனைகள் ரியல் எஸ்டேட் தொழிலாகிவிட்டனவா என்று கேட்டார்கள்.

தணிக்கையும் நமக்குப் புதிதில்லை. அதிகாரி வரும் நாளில் அவசரப் படிக்கட்டில் கிடக்கும் உடைந்த கட்டில்களும் அட்டைப்பெட்டிகளும் மொட்டைமாடிக்குப் போகும். கையெழுத்து விழுந்ததும் இறங்கி வரும். அந்தப் படிக்கட்டை ஒழுங்காகப் பயன்படுத்துபவை அவைதான்.