எல்லாமே அவசரம்

எழுபதுகளின் கடைசியில் கொச்சி வெண்டுருத்தி கடற்படைத் தளத்து சிக்னல் பள்ளியில் மோர்ஸ் படித்தேன். ஓய்வு பெற்றபின் மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்டேன்.

அன்று கப்பலுக்கு வரும் ஒவ்வொரு செய்திக்கும் உடலுழைப்பு உண்டு. எதிர்க் கப்பலில் விளக்கு மினுங்கும். ஒருவன் எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்ல, இன்னொருவன் பென்சிலால் எழுதுவான். அனுப்புகிறவரே முன்னுரிமை குறிக்க வேண்டும்: பிளாஷ், இமிடியட், பிரையாரிட்டி, ரூட்டின். பிளாஷ் என்றால் தூங்கும் கேப்டனைத் தட்டி எழுப்பலாம். ரூட்டின் என்றால் காலைவரை செய்தித் தாள்களைச் செருகும் அட்டையில் கிடக்கும். அந்த அட்டையைக் கேப்டனிடம் நீட்டுமுன் எங்கள் தலைமை சிக்னல்காரர் தாள்களை அடுக்குவார். இரண்டு தாள் ஒரே சங்கதியைச் சொன்னால் பழையதை அடியில் தள்ளுவார். கேப்டனுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது அந்தக் கையால்தான்.

இப்போது பணியிலிருக்கும் தம்பி ஒருவன் பஜார் ரோட்டு டீக்கடையில் சொன்னான்: "அண்ணே, இப்ப எல்லாமே இமிடியட்தான். ரூட்டின் போட்டா யாரும் திறந்தே பாக்கறதில்ல."

எனக்கு வயிறு கலங்கியது. 2008 மும்பைத் தாக்குதலுக்கு முன் எச்சரிக்கைகள் வராமலில்லை, பல வந்தன. சேர்த்துப் படித்து முடிவெடுக்கத்தான் ஆளில்லை. அதன்பின் கொச்சியிலும் கூட்டு நடவடிக்கை மையம் வந்தது. கரையோரம் ரேடார்கள் நின்றன. 2014இல் குருகிராமில் வந்த தகவல் மையம் கடற்படை, கடலோரக் காவல்படையின் 51 நிலையங்களை இணைத்தது. இவையெல்லாம் கட்டாயம் வேண்டியவை.

ஆனால் கருவிகள் மட்டும் போதாது; 1988 ஜூலை 3ஐ மறக்க முடியாது. பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் வின்சென்ஸ் கப்பலில் அன்றைக்கு உலகிலேயே உயர்ந்த ஈஜிஸ் என்ற ரேடார், ஆயுதக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தது. ஈரானியப் பயணிகள் விமானம் மேலேறுவதை அது சரியாகவே பதிவு செய்தது. கப்பலின் கட்டுப்பாட்டு அறையிலோ, விமானம் இறங்கி வருகிறது என்று குரல்கள். அதே நேரத்தில் கப்பல் சிறு படகுகளோடு சண்டையிலும் இருந்தது. கேப்டனுக்குக் கிடைத்தவை சில நிமிடங்கள். ஏவுகணை பறந்தது, 290 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்று அமெரிக்கக் கடற்படை தனி ஆய்வே தொடங்கியது.

நம் மையங்களில் திரைகளைக் கூட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தளபதிக்குப் போகும் செய்தியின் முன்னுரிமையைக் குறைக்கவும், வேண்டாததை நிறுத்தவும் அனுபவமுள்ள ஒருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுங்கள். எதை நிறுத்தினார் என்பதையும் பயிற்சியில் மதிப்பிடுங்கள்.