உள்ளது உள்ளபடி

சென்னையை அடுத்த கோவளத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். கடற்கரை உள்ளது. தர்கா உள்ளது. கார்மேல் மாதா கோவில் உள்ளது. 2021-இல் கிடைத்த நீலக்கொடிச் சான்றிதழும் உள்ளது. படித்த நண்பர், "எல்லாம் உள்ளது, உயிர்தான் இல்லை. வாக்கியத்தைக் கொஞ்சம் மாத்திப் போடுங்க சார்" என்றார்.

மாற்றினேன். கடற்கரை அமைந்துள்ளது. தர்கா விளங்குகிறது. மாதா கோவில் திகழ்கிறது. சான்றிதழ் ஒளிர்கிறது. வாலுக்குச் சாயம் பூசிவிட்டு மாட்டையே மாற்றியதாகச் சொல்வது சுற்றுலாக் கையேடுகளின் பழைய வித்தை, எனக்கும் கைவந்தது.

அடுத்த திருத்தத்தில் எச்சங்களை இறக்கினேன். நவாப் காலத்தில் எழுந்து, பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1752-இல் கிளைவிடம் வீழ்ந்து, பின்னர் இடிந்து என்று கோவளத்துக் கோட்டையிலிருந்து கிளம்பிய வாக்கியம், மாமல்லபுரம் தாண்டியும் வினைமுற்றைக் காணவில்லை. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் 'சென்று தேய்ந்து இறுதல்' ஒன்று. அதை இயற்றிய பவணந்தி முனிவர் என் கைப்பிரதியை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

வெறுத்துப்போய்க் கடலோரம் உட்கார்ந்தேன். சறுக்குப் பலகையோடு மிதந்த பையன் மூன்று அலைகளைப் போகவிட்டு நாலாவதில் ஏறினான். கரைக்கு வந்தவனிடம் காரணம் கேட்டேன்.

"எல்லா அலையிலயும் ஏறினா கைதாண்ணா வலிக்கும்."

வீட்டுக்கு வந்து வாக்கியங்களை அடித்து நீக்கத் தொடங்கினேன். மிஞ்சியது ஒரே வாக்கியம்: கோவளம் உள்ளது.

நண்பருக்கு அனுப்பினேன். "அருமை சார், நேர்லயே போய்ப் பாத்துக்கறேன்" என்றார்.