காற்று எந்தப் பக்கம்?

கே: கல்லூரி இதழுக்காக வடசென்னையில் 'துப்பறிய' ஒரு விஷயம் சொல்லுங்களேன். (இதழியல் மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை)

ப: ஒன்றுதானா? மணலியில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். எண்ணூர் வருவதற்குள் மூக்கே நாலு கட்டுரை எழுதிவிடும். ஆனால் 'நாற்றம் தாங்கவில்லை' என்று எழுதினால் ஒரு கோப்பும் அசையாது. என்ன நெடி, எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில், காற்று எந்தப் பக்கமிருந்து என்று மூன்று மாதம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அப்புறம் மறுக்க வருகிறவரும் ஒரு நோட்டோடுதான் வந்தாக வேண்டும்.

கே: மெரினாவில் அவ்வளவு மணல். எங்கள் ராயபுரத்துக்கு மட்டும் கருங்கல்லா?

ப: நடுவில் துறைமுகம் இருக்கிறதே! வருஷத்தில் பல மாதங்கள் கடல், மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் எழுந்ததும் மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டியது வரவில்லை, கடல் தெருவைத் தின்றது, நாம் கல்லைக் கொட்டினோம். உங்கள் வீட்டு மணலில் உட்கார்ந்துதான் அவர்கள் சுண்டல் சாப்பிடுகிறார்கள்.

கே: 2023 டிசம்பர் 26 ராத்திரியை எங்களால் மறக்க முடியவில்லை. அதில் இன்னும் விசாரிக்க என்ன இருக்கிறது? (பெரியகுப்பம்)

ப: கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு என்பது ஊரறிந்தது. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் உங்களை எழுப்பியது நெடி. எழுப்பியிருக்க வேண்டியது யார் என்று கேளுங்கள். அபாயச் சங்கு யார் கையில்? கடைசியாக எந்தத் தேதியில் ஒத்திகை நடந்தது? அம்மோனியா தண்ணீரில் கரையும், அதனால் ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக நகர வேண்டும். இதை உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வீடு வீடாகக் கேட்டுப் பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கே: ரூட் தல (ஒரு பஸ் ரூட் மாணவர்களின் தலைவர்), பஸ் கூரை என்று மட்டுமே எங்களைப் பற்றி எழுதுகிறார்களே? (வியாசர்பாடி மாணவர்)

ப: கூரையில் ஏறினால் செய்தி. உள்ளே கால் வைக்க இடமில்லாதது செய்தியில்லை. காலை 8 முதல் 9 வரை ஒரு வாரம் ஸ்டாப்பிங்கில் நின்று எண்ணுங்கள்: நின்ற பஸ் எத்தனை, நிற்காமல் பறந்தது எத்தனை. எண்ணி முடித்தவருக்கே 'தல' பட்டம்.

கே: காக்கா ஆழி என்கிறார்களே, அது என்ன?

ப: தென்னமெரிக்கக் கடலோரத்துச் சிப்பி. கப்பல் அடித்தொட்டித் தண்ணீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் வந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பட்டா வாங்கிவிட்டது! சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களைக் கேளுங்கள். விரல் புதைந்த இடமெல்லாம் இப்போது கொத்துக் கொத்தாக ஓடு. கையை விட்டால் கிழிக்கும். சேறே இல்லாத இடத்தில் இறால் எங்கே ஒளியும்?

கே: ஆர்டிஐ போட்டால் பதில் வருமா?

ப: 10 ரூபாய் கோர்ட் வில்லை, தமிழில் மனு, 30 நாள். 'ஏன் மாசு?' என்று மட்டும் கேட்காதீர்கள். கோப்பில் 'ஏன்' இருக்காது. இன்ன தேதி ஆய்வறிக்கையின் நகல் என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, 2017 ஜனவரி 28இல் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு இல்லை என்றார்கள் முதலில். பிறகு அதே எண்ணெயை வாளி வாளியாக அள்ளினோம். 2023 வெள்ளத்தில் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய், மறுபடி வாளி. இடைப்பட்ட கிட்டத்தட்ட 7 வருஷத்தில் வாங்கிய கருவிகளின் பட்டியல் கேட்கலாமே?

கே: பட்டினத்தாருக்குப் பேய்க்கரும்பு இனித்தது திருவொற்றியூரில்தானாமே. இப்போது வந்தால்?

ப: கழுவிவிட்டுக் கடியுங்கள் சாமி என்பேன். எந்தத் தண்ணீரில் என்று கேட்டால்தான் முழிப்பேன்.