பாக்கிச் சம்பளம்

கேள்வி: போர் முடிந்ததும் சிப்பாய்களின் சம்பள பாக்கியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுவார்களா?

பதில்: கணக்குப் பார்ப்பார்கள். கொடுப்பதுதான் தகராறு! அமெரிக்க விடுதலைப் போரின் கடைசியில், 1783 ஜூனில், பாக்கி கேட்ட சிப்பாய்கள் பிலடெல்ஃபியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தையே சூழ்ந்துகொண்டார்கள். உறுப்பினர்கள் பிரின்ஸ்டனுக்கு ஜாகை மாற்றினார்கள். கடன்காரனைக் கண்டு கொல்லைப்புறமாக நழுவுவது நம்மூர்க் கலை மட்டும் அல்ல. பிறகு சம்பள அதிகாரி ஜான் பியர்ஸ் ஆள் ஆளாகக் கணக்கு முடித்துச் சீட்டு கொடுத்தார். பணமல்ல, சீட்டு! அடுப்பெரிய வேண்டுமே, பலர் வந்த விலைக்கு விற்றார்கள். 1790-இல் நிதியமைச்சர் ஹாமில்டனின் திட்டப்படி சீட்டுக்கு முழு மதிப்பு வந்தபோது, பலன் அதைக் கையில் வைத்திருந்த வியாபாரிக்கு. முதலில் வாங்கியவனுக்கும் பங்கு கொடுங்கள் என்ற காங்கிரஸ் உறுப்பினர் மாடிசனின் பேச்சு எடுபடவில்லை.

தளபதி வாஷிங்டன் கெட்டிக்காரர். சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் கொடுங்கள் என்று 1775-லேயே சொல்லிவிட்டார். எட்டு வருஷச் செலவைத் தன் கைப்பட எழுதி நீட்டினார். மனைவி முகாமுக்கு வந்துபோன வழிச்செலவும் அதில் உண்டு. தணிக்கையில் வித்தியாசம் வந்தது, ஒரு டாலரில் 90-இல் 89 பங்கு. அதுவும் அவர் தனக்கே குறைத்துப் போட்டுக்கொண்டது!